முன்பின் தெரியாத களி

மேசையில் ஒரு புகைப்படம். சாலையோர உணவகம் ஒன்றின் படம். அதன்மேல் சிவப்பாக ஒரு களி, அல்வாத் துண்டைப் போலப் பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கேமராவையும் அதே மேசையோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். மேசையைச் சாய்த்துக் குலுக்க, களி புகைப்படத்தின் மேலிருந்து மெல்ல நழுவி, உருண்டு, வெளியே வழிந்துவிடுகிறது. காட்சி முடிந்தது. பிறகு அந்தப் பிலிமைப் பின்னிருந்து முன்னாக அச்சிட்டார்கள். தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது வேறு: எங்கிருந்தோ ஊர்ந்து வந்த ராட்சதக் களி ஒன்று உணவகத்தின்மேல் ஏறி, அதைக் கூரையோடு மூடி விழுங்கப் பார்க்கிறது. உள்ளே கதாநாயகனும் கதாநாயகியும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

1958இல் வெளியான அந்த அமெரிக்கப் படத்தின் பெயர் 'தி ப்ளாப்'. நம் ஊர்ச் சினிமாக்காரர்கள் வாயில் இந்தச் சொல் வேறு பொருளில் புழங்குவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படம் ஓடியது. சுமார் 1,10,000 டாலரில் எடுத்த படம், 40 லட்சம் டாலர் அளவுக்கு வசூலித்தது என்கிறார்கள். பேய்ப் படங்களில் இதைவிடப் பயமுறுத்தும் படங்கள் ஏராளம். இதன் வசனங்களையும் நடிப்பையும் நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் அந்தக் களி வரும் இடங்களில் மட்டும், கிராஃபிக்ஸில் எதையும் செய்துவிடலாம் என்ற இந்தக் காலத்திலும், கண் திரையைவிட்டு விலக மறுக்கிறது. அதற்குக் காரணம் இயற்பியல்.

படம் எடுத்தவர்கள் ஹாலிவுட்காரர்கள் இல்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் செஸ்டர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் கிறிஸ்தவ பக்திப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சிறிய குழு. இயக்குநர் இர்வின் யேவொர்த் அந்தக் குழுவின் தலைவர். பணம் புரட்டிய ஜாக் ஹாரிஸ் பிலடெல்பியாவில் பட விநியோகம் செய்துவந்தவர். சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பு பார்ட்டன் ஸ்லோன். பள்ளி மாணவனாக நடிக்க வந்தவருக்கு வயது 27. ஸ்டீவ் மெக்வீன் என்ற அந்த நடிகருக்கு அதுதான் முதல் கதாநாயக வேடம். குறைந்த சம்பளமும் லாபத்தில் பத்து சதவீதமும் தருகிறோம் என்றார்களாம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உடனே பணம் வேண்டியிருந்தது. படமும் ஓடாது என்று நினைத்தார். 3,000 டாலரைக் கையில் வாங்கிக்கொண்டு பங்கை வேண்டாம் என்றுவிட்டார்.

கதை நாலு வரிதான். விண்கல் ஒன்று விழுகிறது. கிழவர் ஒருவர் அதைக் குச்சியால் குத்துகிறார். உள்ளிருந்து வந்த களி அவர் கையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒவ்வோர் ஆளாகத் தின்று, தின்னத் தின்னப் பெருத்து, ஊரையே விழுங்க வருகிறது. பெரியவர்கள் யாரும் இளைஞர்கள் சொல்வதை நம்புவதில்லை.

இந்தக் கற்பனைக்கு ஒரு செய்தி வித்திட்டது என்பார்கள். 1950இல் பிலடெல்பியாவில் இரவு ரோந்து போன காவலர்கள், வானிலிருந்து விழுந்ததாக ஒரு ஜெல்லிக் குவியலைக் கண்டார்கள். தொட்டதும் கையில் கரைந்து, சற்று நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஐரோப்பியர்கள் இப்படிப்பட்ட குவியல்களைப் பல நூற்றாண்டுகளாக 'நட்சத்திர ஜெல்லி' என்று அழைத்து வந்திருக்கிறார்கள். ஆராய்ந்து பார்த்த பல குவியல்களுக்கு விண்வெளியோடு எந்த உறவும் இல்லை. பெண் தவளையை ஒரு பறவை தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கு உறையாகும் ஜெல்லியைச் சுரக்கும் பகுதி அதற்குப் பிடிக்காது, கக்கிவிடும். அது புல்லின் ஈரத்தை உறிஞ்சிப் பல மடங்கு உப்பும். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அந்தக் காலத்து அரக்கன் என்றால் பெரும்பாலும் ரப்பர் உடைக்குள் புகுந்த ஒரு ஆள். எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் உடைக்குள்ளே இரண்டு கை, இரண்டு கால், முழங்கால் மடியும் இடம் எல்லாம் இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். முகமே இல்லாத, கையும் காலும் இல்லாத அரக்கனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உடை தைக்க வேண்டாம், உள்ளே வியர்த்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருள்தான் சிலிக்கோன்.

சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த மிக நீண்ட சங்கிலி அது. ஒவ்வொரு சிலிக்கன் அணுவின் இருபுறமும் ஒரு மீதைல் தொகுதி. இன்று தலைக்குப் போடும் கண்டிஷனரிலும் மீன்தொட்டி ஒட்டும் பசையிலும் இருப்பது இதன் உறவினர்கள்தாம். அந்தச் சங்கிலியின் கண்ணிகள் மிகத் தாராளமாகச் சுழலக்கூடியவை. பக்கத்துச் சங்கிலிகளோடு அவற்றுக்கு ஒட்டுதலும் குறைவு. ஆகவே சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே இருக்கும். சங்கிலி குட்டையாக இருந்தால் தண்ணீர் போல ஓடும் எண்ணெய். நீளம் கூடக்கூட ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தேன், பிறகு வெல்லப்பாகு, பிறகு இளகிய களி. நீர் போல ஆவியாகாது. பசை போலக் காயாது. விளக்கொளியில் மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் இறுகிப்போகாது. படப்பிடிப்புக்காரனுக்கு இதைவிட ஒழுங்கான நடிகன் கிடைப்பானா?

தொல்லை ஒன்று இருந்தது: நிறம். சிலிக்கோன் இயல்பில் நிறமற்றது. மனிதர்களைத் தின்னத் தின்னக் களி சிவக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாவரச் சாயத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சாயம் சிலிக்கோனில் கரையவில்லை, கலந்துதான் நின்றது. விட்டால் அடியில் தங்கிவிடும். எனவே அவ்வப்போது கிளறவேண்டியிருந்தது. நீர்மோரில் கொத்தமல்லி தங்கிவிடாமல் கலக்கிக்கொண்டே ஊற்றுவது போல. குறைந்த செலவுப் படம் என்றால் கறுப்பு வெள்ளை என்றிருந்த நாளில் இவர்கள் வண்ணத்தில் எடுத்ததும் இந்தச் சிவப்புக்குத்தான் கைகொடுத்தது.

இனி, கையளவு களி எப்படிக் கட்டடமளவு பெரிதாகத் தெரிந்தது என்பதற்கு வருவோம். பொம்மைக் காரின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் கைபேசியில் படம் பிடித்துப் பாருங்கள். வெள்ளம் ஒரு காரை அடித்துக்கொண்டு போவதாக ஒருவரும் நம்ப மாட்டார்கள். காரின் கண்ணாடியில் தங்கிய சொட்டு ஒவ்வொன்றும் அதன் விளக்கைவிடப் பெரிதாக இருக்கும். காரணம், பரப்பு இழுவிசை. தண்ணீரின் தோல் போன்ற அந்த இழுப்பும் புவியீர்ப்பும் ஏறக்குறையச் சமமாகும் அளவு சுமார் 2.7 மில்லிமீட்டர். சொட்டுகளும் விளிம்பு வளைவுகளும் அந்த அளவையொட்டித்தான் அமையும். காரைச் சின்னதாக்கலாம்; சொட்டைச் சின்னதாக்க முடியாது. சிலிக்கோனின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கான அளவு ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதோடு, களி சிதறுவதே இல்லை. சொட்டே இல்லையென்றால் காட்டிக்கொடுக்கவும் யாரும் இல்லை.

இரண்டாவது துரோகி நேரம். 25 அடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஒன்றேகால் நொடி எடுக்கும். 25 மடங்கு சிறிய மாதிரியில், ஒரு அடி உயரத்திலிருந்து விழுந்தால் கால் நொடி. ஆகவே சின்ன மாதிரிகளை எடுப்பவர்கள் கேமராவை வேகமாக ஓட்டுவார்கள். இந்தக் கணக்குக்கு ஐந்து மடங்கு வேகம்: நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 120. அதிகப் பிலிம், அதிக வெளிச்சம், அதிகச் செலவு. ஆனால் களிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது விழுவதில்லை, வழிகிறது. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் பாகுநிலையும் அடுக்கின் தடிமனும்தான். தடிமன் பாதியானால் வேகம் கால்வாசியாகக் குறையும். ஒரு தேக்கரண்டி தேன் வழிவதற்கும், தேனைவிடப் பல மடங்கு கெட்டியான ஒரு குளம் வழிவதற்கும் உருவத்தில் வேறுபாடு சொல்ல முடியாது. பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று இருந்தால்தான் கண் கணக்குப் போடும். அந்தப் பொருளாகப் புகைப்படத்தை வைத்துவிட்டால், கண் அதையே நம்பிக் கணக்குப் போட்டுவிடும். படத்தில் மனிதர்களும் களியும் ஒரே சட்டகத்தில் சேர்ந்து வருவது அரிது என்பதைக் கவனித்தால் புரியும்.

இவையெல்லாம் எந்த ஒளிப்பதிவாளருக்கும் அனுபவத்தில் தெரிந்தவைதான். எனக்குப் பெரிய வியப்பாகத் தோன்றுவது, பின்னோக்கி அச்சிட்ட அந்த வேலை.

நீச்சல் குளத்தில் ஒருவர் குதிக்கும் காட்சியைப் பின்னோக்கி ஓட்டினால் குழந்தைகூடச் சிரித்துவிடும். சிதறிய நீர் ஒன்றுகூடி ஆளை வெளியே துப்பும். தண்ணீருக்கு முன் எது, பின் எது என்று தெரியும். அதற்கு உந்தம் உண்டு. சுழிகள், தெறிப்புகள், குமிழிகள் என்று போன வழியெல்லாம் தடயம் விட்டுச் செல்லும். மிகக் கெட்டியான, மிக மெதுவாக நகரும் திரவத்தில் உந்தத்துக்கு மதிப்பே இல்லை. தள்ளினால் நகரும், தள்ளுவதை நிறுத்தினால் அந்தக் கணமே நிற்கும், எதிர்ப்பக்கம் தள்ளினால் வந்த வழியே திரும்பிப் போகும். அதன் சமன்பாட்டில் காலத்துக்கு எந்தத் திசையும் கிடையாது.

இதை மிக அழகாகச் செய்து காட்டியவர் ஜி.ஐ. டெய்லர் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர். 1960களில் மாணவர்களுக்காக எடுத்த ஒரு படத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு உருளைகளின் இடைவெளியில் கெட்டியான திரவத்தை ஊற்றி, அதில் கொஞ்சம் சாயத்தைச் செலுத்துவார். உள் உருளையைச் சில சுற்று சுற்றியதும் சாயம் இழுபட்டுக் கரைந்து காணாமல் போனது போல இருக்கும். காப்பியில் விழுந்த பால் போல, இனித் திரும்பி வராது என்றுதான் தோன்றும். உருளையை அதே எண்ணிக்கை எதிர்ப்பக்கம் சுற்றுவார். சாயம் மறுபடி கூடி, ஏறக்குறையத் தொடங்கிய இடத்தில், தொடங்கிய உருவத்தில் வந்து நிற்கும். முதல் முறை பார்ப்பவர்கள் பிலிமைத்தான் திருப்பி ஓட்டுகிறார் என்று சந்தேகப்படுவார்கள்.

பென்சில்வேனியாவில் அந்தக் குழு செய்ததும் அதே விளையாட்டின் மறுபக்கம்தான். பிலிமை உண்மையிலேயே திருப்பினார்கள். களி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் முரண்பாடு வெளியே தெரியும். புவியீர்ப்பு கீழே இழுக்க, களி பரவித் தட்டையாக வேண்டும். பின்னோக்கிய படத்தில் அது மேலே ஏறுகிறது, தட்டையாகக் கிடந்தது திரண்டு குவிகிறது. நம் கண் அதைப் படம் எடுத்தவரின் தந்திரம் என்று படிப்பதில்லை. பள்ளத்தை விட்டு மேட்டுக்குத் தானாக ஏறும் பொருளை நாம் வாழ்நாளெல்லாம் ஒரே பெயரில்தான் அறிந்திருக்கிறோம்: உயிருள்ளது. சிலிக்கோனுக்கு உயிர் வந்தது இந்த இடத்தில்தான். கேமராவையும் மேசையையும் சேர்த்துப் பூட்டியதும் இதே வேலையைச் செய்தது. இரண்டும் ஒன்றாகச் சாய்வதால் கட்டடம் அசையாமல் நிற்பதாகத் தெரியும், 'கீழே' என்ற திசை மட்டும் யாருக்கும் தெரியாமல் இடம் மாறிவிடும்.

படத்தின் புகழ்பெற்ற காட்சி தியேட்டரில் நடப்பது. நள்ளிரவுப் பேய்ப் படம் ஓடிக்கொண்டிருக்க, புரொஜெக்டர் அறையின் சிறு சன்னல்கள் வழியே களி பிதுங்கி வருகிறது. முறுக்கு உழக்கில் மாவு பிதுங்குவதைப் பார்த்த ஞாபகம் உடனே வரும். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உள்ள திரவத்தைத் துளைவழி அழுத்தினால், துளைக்குள் இழுபட்டு நீண்ட சங்கிலிகள் வெளியே வந்ததும் பழைய நிலைக்குச் சுருண்டுகொள்ளும். அதனால் வெளியே வருவது துளையைவிடத் தடித்துவிடும். துளையிலிருந்து வெளிவந்ததும் உப்பும் ஒன்றைப் பார்க்கையில், உள்ளே இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்ற அச்சம் தானாக வந்துவிடுகிறது. படத்தில் மக்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தது ஃபீனிக்ஸ்வில் ஊரின் கொலோனியல் தியேட்டரிலிருந்து. 1903இல் கட்டிய அரங்கு அது, இன்றும் இயங்குகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் ரசிகர்கள் அங்கே கூடி, அதே வாசல் வழியே அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

இப்படி ஓர் உயிர் உண்மையில் இருக்க முடியுமா? சிறிய அளவில், ஏற்கெனவே இருக்கிறது. அமீபா தன் உடலையே நீட்டி இரையைச் சுற்றி மூடி விழுங்குகிறது. நம் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் கிருமிகளை அப்படித்தான் தின்கின்றன. இன்னொரு பொருத்தமும் உண்டு. நுண்ணுயிர்களின் அளவில் தண்ணீரே தார் போலக் கெட்டியானது. நோபல் பெற்ற இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1976இல் சுட்டிக்காட்டியபடி, அந்த உலகத்தில் ஒரு சிப்பி தன் ஓட்டைத் திறந்து திறந்து மூடினால் ஓரடிகூட முன்னேறாது. திறக்கும்போது போன தூரம் மூடும்போது திரும்ப வந்துவிடும். அதனால்தான் பாக்டீரியாக்கள் துடுப்புப் போடுவதில்லை. திருகாணி போன்ற வாலைச் சுழற்றி நீந்துகின்றன. ஸ்லோனின் மேசையிலிருந்த களிக்குப் பொருந்திய அதே விதிதான் அவற்றை ஆள்கிறது.

ஆனால் கட்டடமளவு அமீபா சாத்தியமில்லை. மூச்சு முட்டிச் செத்துவிடும். நீரில் ஆக்சிஜன் தானாகப் பரவி நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் உள்ளே போக ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டு. நுரையீரலும் இதயமும் ரத்தக் குழாய்களும் இந்தக் கணக்கை ஏமாற்றத்தான் இருக்கின்றன. பைசாரம் என்ற மஞ்சள் நிறச் சளிப்பூஞ்சை, ஒரே செல்லாக இருந்துகொண்டே இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறது. கனமாகக் குவியாமல் வலையாகப் பரவி, உள்ளே திரவத்தை முன்னும் பின்னுமாக ஓடவிட்டுக்கொண்டு, கையகலத்துக்கும் மேலே வளர்கிறது. மூளை இல்லை, ஆனால் புதிர்ப்பாதையில் உணவுக்கான குறுகிய வழியைக் கண்டுபிடிக்கிறது. 2019இல் பாரிஸ் விலங்குக் காட்சிசாலை அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது அதை அழைத்த பெயர்: ப்ளாப். படத்தின் பெயரேதான்.

படத்தில் அந்தக் களியைத் தோட்டாவோ தீயோ அமிலமோ ஒன்றும் செய்யாது. உணவகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைப் பீய்ச்சும்போதுதான், அது குளிருக்குப் பயப்படுகிறது என்று தெரிகிறது. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி அங்கிருந்த தீயணைப்பான்களையெல்லாம் அள்ளி வருகிறார்கள். களி உறைகிறது. விமானப்படை அதை ஆர்க்டிக் பனியில் கொண்டுபோய்ப் போடுகிறது.

கதைக்கு இது போதும். ஆனால் குளிருக்குப் பயப்படும் வேடத்துக்கு சிலிக்கோனைப் போலப் பொருந்தாத நடிகன் வேறில்லை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிவிடுகிறது. அது இறுக 24 டிகிரி போதும். சிலிக்கோனின் வழுக்கும் சங்கிலிகளை அப்படி எளிதில் நிறுத்த முடியாது. குளிரில் அதன் பாகுநிலை மற்ற எண்ணெய்களுடையதைவிடக் குறைவாகவே கூடும். சாதாரணச் சிலிக்கோன் எண்ணெய்கள் பல, உறைவதற்கு மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போக வேண்டும்.

படத்தில் நடித்த களியை 1965இல் ஒரு சேகரிப்பாளர் இயக்குநரிடமிருந்து விலைக்கு வாங்கினார். பல பத்தாண்டுகள் அதை ஒரு வாளியில் வைத்திருந்தார். அது காயவே இல்லை.